முழங்கை மடங்கியவன்

பெங்களூர் தண்டு
6-9-1942

அன்புள்ள மாப்பிள்ளை பச்சியப்பன் அவர்களுக்கு மச்சான் மாதையன் எழுதுவது.

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது தோள் மட்டும் காலையில் எழுந்ததும் என்னை ஒரு தடவை திட்டும், வெயில் ஏறினால் சமாதானமாகிவிடும். அங்கே உங்கள் உடம்பு, தங்கச்சி ராமக்காள் உடம்பு, பிள்ளை தங்கம்மாள் உடம்பு, உங்கள் புளி மூட்டைகளின் உடம்பு எல்லாம் எப்படி என்று எழுதுங்கள். மூட்டைக்குள் பாதி கொட்டையாமே. கம்பைநல்லூர்ச் சந்தையிலிருந்து வந்தவர் ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை, முக்கால் இருக்கும் என்றேன்.

"மச்சான் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்ல" என்று எழுதியிருந்தீர்கள். பந்து போடுகிற உத்தியோகம் என்று சொல்லுங்கள். துரைமார் மட்டை பிடித்துப் பழகவேண்டும் என்றால் யாராவது பந்து போட்டுத்தானே ஆகவேண்டும். சாயங்காலம் கிளப்பில் வலை கட்டிய இடத்தில் நின்று நானும் உங்கள் அக்காள் மகன் குப்புராஜும் மாற்றி மாற்றிப் போடுவோம். உண்மையான ஆட்டம் நடக்கிற அன்றைக்கு எங்களுக்கு வேலை இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

இருபது வருஷத்தில் இது ஐந்தாவது இடம். ஓசூர்க் குதிரைப் பண்ணைக்குப் புல் போடப் போனவன், கொள்ளு மூட்டையில் வாய் வைத்த குரங்கை ஒரே கல்லில் விரட்டினேன். அதைப் பார்த்த துரை என் கையில் பந்தைக் கொடுத்தார். அப்புறம் இந்தத் தண்டில் முகாம் போட்டிருந்த ஒரு பட்டாளம். பட்டாளம் கப்பலேறினதும் குன்னூர். குன்னூர்க் குளிரில் தோள் பிடித்துக்கொண்டது, கோலார் போனேன். கோலாரில் இளவட்டம் வந்ததும் மறுபடி தண்டு. எந்த ஊரிலும் என்னைப் போ என்று யாரும் சொன்னதில்லை. "ஊருக்கு எப்போது போகப் போகிறாய்" என்று கேட்பார்கள். நான் புரிந்துகொள்வேன்.

குப்புராஜ் நன்றாக இருக்கிறான். தகப்பன் இல்லாத பிள்ளையை என்னை நம்பி அனுப்பினீர்கள், வந்து பத்து மாதமாகிறது. அவன் பந்து போட்டால் கை காதை உரசிக்கொண்டு நேராக வரும். இந்தக் கிரிக்கெட் ஆட்டத்தில் முழங்கை மடங்கக்கூடாது, மாப்பிள்ளை. மடங்கினால் அது போடுகிறது இல்லை, எறிகிறது. எறிகிறவனைத் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். நானோ தினைக்காட்டுப் பரண் மேல் நின்று கிளிக்கு மண்ணாங்கட்டி எறிந்து வளர்ந்தவன்.

இங்கே எங்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நான் சிவப்புத் தலைப்பாகை, அவன் வெள்ளைத் தலைப்பாகை. அதற்குக் கீழே முகம் இருப்பது துரைமாருக்குத் தெரியாது.

தை மாதம் தங்கத்தோடு கல்யாணம் என்று குப்புராஜிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் போட்ட பந்து ஒன்றும் குச்சிப் பக்கமே போகவில்லை. என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபிறகு எனக்குப் பிள்ளை என்று இருப்பது உங்கள் தங்கம் ஒருத்திதான். தாய்மாமன் பட்டம் கட்ட ஒரு வாரம் முன்னாலேயே வந்து உங்கள் தானியக் குதிரைக் காலி பண்ணுவேன், ராகியை இப்போதே அளந்து வையுங்கள்.

கிளப்புக்குப் புதுச் செக்ரட்டரி வந்திருக்கிறார், கண்ணாடி போட்டவர். எங்கள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன அழகைக் கண்டாரோ.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்,
மாதையன்


கம்பைநல்லூர்
22-11-1942

மச்சான் மாதையன் அவர்களுக்குப் பச்சியப்பன் எழுதிக்கொண்டது.

வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் தோள் நலமா. உங்கள் தங்கச்சிக்கு மட்டும் இருமல். கஷாயம் குடிக்கச் சொன்னால் என்னைக் குடிக்கச் சொல்கிறாள்.

குப்புராஜ் ஊருக்கு வந்துவிட்டான். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் மொரப்பூரில் ரயில் இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே வந்தான். பெட்டியை இறக்கித் திறந்தால் உள்ளே சிவப்புத் தலைப்பாகை.

"இது எங்க மச்சானோடது ஆச்சே" என்றேன்.

"குடுத்தாரு" என்றான்.

"ஏண்டா வந்துட்டே?"

"வேலை போச்சுங்க மாமா."

"ஏன் போச்சு?"

"போச்சுங்க."

அவன் அம்மா, என் அக்காள் செல்லி, கேட்டு அழுது ஓய்ந்துவிட்டாள். சந்தையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். துரை வீட்டில் எதையோ எடுத்துவிட்டானாம். வெறுங்கையோடுதானே வந்தான் என்றால், பிடுங்கிக்கொண்டு விரட்டியிருப்பார்கள் என்கிறார்கள். ஊர் வாய்க்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

அக்காள் மகன் என்பதற்காகப் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. நீங்கள் கூட இருந்தவர். அவன் தப்புச் செய்தானா, இல்லையா. ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் சொல்வதுதான் முடிவு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பச்சியப்பன்


பெங்களூர் தண்டு
20-12-1942

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாதையன் எழுதுவது.

சௌக்கியம். அங்கே சௌக்கியத்துக்கு எழுதுங்கள். ராமக்காள் இருமலுக்கு ஆடாதோடை இலை நல்லது. அவள் குடிக்கமாட்டாள். சின்ன வயதில் பேதி மருந்து கொடுத்ததற்கு என்னைக் கடித்தவள், தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. நீங்கள் ஜாக்கிரதை.

இங்கே அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வரிசையைக் கண்டால் எதற்கு என்று கேட்காமல் நின்றுவிடுகிறேன். போன வாரம் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் அது ஒரு துரையின் சவ ஊர்வலம் என்று தெரிந்தது. முன்னால் நின்றவர் என்னைப் பார்த்துத் துக்கமாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

தலைக்கு இப்போது வெள்ளைத் துணிதான் கட்டுகிறேன். வெயிலுக்குக் குளிர்ச்சி. பந்து போடும்போது சட்டைக் கைக்குள் ஒரு மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டிக்கொள்கிறேன், முழங்கைக்கு நல்லது என்று. பார்ப்பதற்குச் சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்கிறேனாம்.

குப்புராஜ் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம். கடிதத்தில் என்ன இருக்கிறது.

மழை பெய்ததா. அவரைக்கொடி காய் பிடித்ததா. எல்லாம் எழுதுங்கள்.

மாதையன்


கம்பைநல்லூர்
5-1-1943

மச்சானுக்குப் பச்சியப்பன் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல். கடிதத்தைப் படித்துச் சிரித்தோம். சவ ஊர்வலத்தை ராமக்காள் இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம்தான் கவனித்தேன். ஒரு வரி கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி இல்லை.

ராமக்காளிடம் சொன்னேன். "எங்கண்ணன் சிரிச்சு மழுப்பினா உள்ள ஏதோ இருக்குங்க. பையன் மேல எரக்கப்பட்டு மறைக்குது" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இரக்கம் நல்லதுதான். ஆனால் நான் பெண்ணைப் பெற்றவன்.

தை பிறக்கப் போகிறது. செல்லியக்கா தினம் வந்து வாசலில் நின்று, "மாதையன் எழுதிட்டாரா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. குப்புராஜிடமும் "மச்சான் எழுதட்டும்" என்றேன். "எழுதுவாருங்க மாமா" என்றான்.

எழுதுங்கள்.

பச்சியப்பன்


பெங்களூர் தண்டு
30-1-1943

மாப்பிள்ளைக்கு மாதையன் எழுதுவது.

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

வயசுப் பையன். ஊர் புதுசு. நடந்தது நடந்துவிட்டது, அதைக் கிளறவேண்டாம். அவன் கெட்டவன் இல்லை. தங்கத்துக்கு எது நல்லதோ அது உங்களுக்கே தெரியும்.

வேலை இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். தோள் பரவாயில்லை.

மாதையன்


கம்பைநல்லூர்
14-2-1943

மச்சானுக்குப் பச்சியப்பன் வணக்கமாக எழுதிக்கொண்டது.

எல்லோரும் நலம். ராமக்காளுக்கு இருமல் நின்றது, பேச்சு நிற்கவில்லை.

புரிந்துகொண்டேன். அசிங்கமாக ஒன்றும் எழுதாமல், அவனைக் காட்டிக்கொடுக்காமல், எனக்கும் தெரியப்படுத்திவிட்டீர்கள். பெரிய மனசு. அக்காளிடம் பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். மாதையன் எழுதினதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப்பின் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

குப்புராஜிடமும் நானே சொன்னேன். "என்னங்க எழுதியிருந்தாரு" என்றான். படித்துக் காட்டினேன். "சரிங்க மாமா" என்றான். இப்போது பென்னாகரம் பக்கம் காட்டில் மூங்கில் வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறான்.

தங்கத்துக்கு அரூரில் ஒரு இடம் வந்திருக்கிறது. மளிகைக் கடை, பையன் பெயர் மாரியப்பன். நல்ல மாதிரி. சித்திரையில் வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். தாய்மாமன் முதல் வெற்றிலையைக் கையில் வாங்காமல் நம் வழியில் உறுதி செல்லாது என்பது உங்களுக்குத் தெரியாததா. லீவு சொல்லிவிட்டு வந்து சேருங்கள். உங்களுக்கென்று ராகி அளந்து வைத்திருக்கிறது.

பச்சியப்பன்


பெங்களூர்
17-10-1943

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, ரொம்ப நாள் கழித்து மாதையன் எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். சித்திரையில் கால் சுளுக்கு என்று கார்டு போட்டேன், ஆனியில் அதுவும் போடவில்லை. ராமக்காள் திட்டினது இங்கே காதில் விழுந்தது. தங்கம் எப்படி இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் நலமா.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளப்பு வேலை வைகாசியோடு முடிந்தது. பிளாச்சு கட்டின கையால் போட்டுப் பார்த்தேன். நேராகத்தான் போனது, ஆனால் பந்தில் உயிர் இல்லை. துரைமார் கொட்டாவி விட்டுக்கொண்டே அடித்தார்கள். "ஊருக்கு எப்போது போகப் போகிறாய்" என்று செக்ரட்டரி கேட்டார். புரிந்துகொண்டேன்.

இப்போது அமெரிக்கப் பட்டாளத்தில் இருக்கிறேன். பயப்படாதீர்கள், துப்பாக்கி கொடுக்கவில்லை. ஊருக்கு வெளியே விமானம் பழுது பார்க்கிற பட்டாளம் அது. மைதானத்தில் மண் கொட்டிச் சமன் பண்ணும் கூலிக்குப் போனேன். அவர்கள் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள், பேஸ்பால் என்று பெயர். உலக்கையைப் பாதியாக அறுத்த மாதிரி மட்டை. பந்து தரையில் படக்கூடாது. நேரே பறந்து, மட்டைக்காரன் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே போகவேண்டும். ஒரு பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து எறிந்தேன், பரண் மேலிருந்து எறிகிற மாதிரியே. பிடித்தவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உதறினான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது தினம் சாயங்காலம் அவர்களுக்கு நான்தான் பந்து எறிகிறேன். எறிகிறவனுக்குப் பிட்சர் என்று பெயர். ரப்பர் மாதிரி ஒரு மிட்டாய் கொடுக்கிறார்கள். மென்றுகொண்டே இருக்கவேண்டுமாம், விழுங்கக்கூடாதாம். நான் முதல் நாள் விழுங்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்று எழுதவேண்டும். போன வாரம் சார்ஜண்ட் என்னை நடுவில் நிறுத்தி, என் முழங்கையைப் பிடித்து, பட்டாளத்துப் பையன்களுக்குக் காட்டினார். இப்படி மடக்கவேண்டும், பாருங்கள் என்று. பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கப்படுகிறான் என்று சிரித்துத் தோளில் தட்டினார்கள்.

அரூர்க்காரர்களிடம் என்னைக் காரணம் காட்டிக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

மாதையன்


கம்பைநல்லூர்
12-12-1943

மாமாவுக்குத் தங்கம்மாள் எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா.

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு மூணாவது வரைக்கும்தான் படிப்பு, பிழை இருந்தால் சிரிக்கவேண்டாம்.

அரூர்க்காரர்கள் இரண்டு தரம் வந்து திரும்பிப் போனார்கள். தாய்மாமன் வரவில்லை என்று அப்பா சொன்னார். மூன்றாம் தரம் தையில் வருகிறார்கள். இந்தத் தரம் நீங்கள் வராவிட்டால் வேறு ஒருத்தரைத் தாய்மாமன் இடத்தில் உட்காரவைத்து முடித்துவிடலாம் என்று அப்பா பேசுகிறார்.

அரூர் மாப்பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் வராமல் இருப்பது கால் சுளுக்கினால் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தத் திருவிழாவுக்கும் கூப்பிடாமலே வருகிறவர் நீங்கள்.

குப்பு மச்சான் ஊருக்கு வந்தால் சந்தை வழியாக வருவதில்லை, ஏரிக்கரை சுற்றி வருகிறார். ஒரு நாள் கிணற்றடியில் கேட்டேன், "நெசமாலுமே திருடினீங்களா" என்று. "ஒங்க பெங்களூர் மாமாவக் கேளு" என்றார். அதுதான் கேட்கிறேன்.

நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். எழுதாமல் இருக்கவேண்டாம் மாமா.

தங்கம்மாள்


பெங்களூர்
26-12-1943

மாப்பிள்ளை பச்சியப்பன் அவர்களுக்கு மாதையன் எழுதுவது.

நான் நலமா என்று கேட்காதீர்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் படித்து, தங்கத்துக்கும் செல்லியக்காவுக்கும் படித்துக் காட்டவேண்டும். பட்டாளத்துத் தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம். படிக்கிறவரும் தெரிந்துகொள்ளட்டும்.

குப்புராஜ் ஒரு துரும்பையும் எடுக்கவில்லை. ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தது நான்.

கிளப்புச் செக்ரட்டரி எங்கள் இரண்டு பேரில் ஒருவன் கை மடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மடங்கினது என் கை. களைத்துப்போனால் பரண் மேல் நிற்கிற கை தானாக வந்துவிடும். சிவப்புத் தலைப்பாகைக்காரன் எறிகிறான், நாளைக்கு அவனை அனுப்பிவிடவேண்டும் என்று எழுதி வைத்திருப்பதாக அங்கேயிருந்த குமாஸ்தா முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். தூக்கம் வரவில்லை. நாற்பத்துமூன்று வயது. ஐந்து இடம் பார்த்தாகிவிட்டது. ஆறாவது இடத்தில் என்னை யார் எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் மைதானத்துக்குப் புறப்படும்போது குப்புராஜைப் பார்த்து, "மாப்பிள்ளை ஆகப்போறவன், வெள்ளை கட்டிக்கிட்டுத் திரியறியே, செவப்பு கட்டுடா, எடுக்குதான்னு பாக்கலாம்" என்றேன். கேலி பண்ணியே அவன் தலையில் என் தலைப்பாகையைக் கட்டிவிட்டேன். அவனுடையதை நான் கட்டிக்கொண்டேன். அவன் தண்ணீர்த் தொட்டியில் எட்டி முகம் பார்த்து என்னிடம், "பெரியப்பா, தங்கத்துக்குச் செவப்பு புடிக்குமா" என்று கேட்டான்.

செக்ரட்டரி வந்தார். பந்து போடச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புத் தலைப்பாகையைக் கூப்பிட்டு, நீ எறிகிறாய், இனிமேல் வரவேண்டாம் என்றார். குப்புராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பந்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

இது ஒரு தப்பு. ஆனால் அதைவிடப் பெரியது நீங்கள் ஒரு வரி கேட்டபோது நான் எழுதின வரி. வயசுப் பையன், கிளறவேண்டாம் என்று எழுதினேனே, அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, மாப்பிள்ளை. பொய் என்று யாரும் சொல்லமுடியாதபடி, அவன் மேல் பழி விழும்படி, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். நான் பெரிய மனசுக்காரன் என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை என்னால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

அந்தக் கையோடு வந்து வெற்றிலை வாங்க முடியாமல்தான் கால் சுளுக்கு என்றேன்.

இந்தப் பட்டாளத்தில் தினம் முழங்கையை மடக்கி எறிகிறேன். நன்றாக எறிகிறாய் என்கிறார்கள். எந்தக் குற்றத்துக்கு அவனை அனுப்பினார்களோ அதற்கே எனக்குக் கை தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டும் எங்கே விழுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

இனி உங்கள் முடிவு.

மாதையன்


கம்பைநல்லூர்
20-1-1944

மாதையனுக்குப் பச்சியப்பன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. புளிக் கிடங்கில் உட்கார்ந்து தனியாக ஒரு தரம் படித்தேன். பிறகு நீங்கள் சொன்னபடி எல்லோருக்கும் படித்தேன். ராமக்காள் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு உங்கள் பேச்சை அவள் எடுக்கவில்லை.

பொங்கலுக்கு வந்திருந்த குப்புராஜைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"இது உனக்குத் தெரியுமாடா" என்றேன்.

"அங்க நிக்கறப்பவே தெரிஞ்சுதுங்க மாமா. பெரியப்பா பந்தையே தொடச்சுக்கிட்டு இருந்தாரு."

"அப்பறம் ஏண்டா வாயத் தொறக்கல? ஊரே திருடன்னு சொல்லுது, நானும் சொல்லிட்டேன்."

"அவரு தங்கத்துக்குத் தாய்மாமனுங்க. அவரு பேரு கெட்டுப்போனா, நாளைக்கு நம்ம வூட்டுக் கல்யாணத்துல யாரு நிப்பாங்க."

"பொண்ணே இல்லன்னு ஆயிட்டுதேடா."

"நீங்க அவரக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கேட்டா சொல்லிருவாருன்னு நெனச்சேனுங்க" என்றான்.

நானும் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன். உங்களைக் கேட்டேனே தவிர, என் அக்காள் மகன் முகத்தைப் பார்த்து ஒரு தரம் கேட்கவில்லை.

அரூருக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் மாரியப்பன் நல்லவன்; கோபித்துக்கொள்ளவில்லை, காப்பி கொடுத்து அனுப்பினான். அது இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. சந்தையன்றைக்கு, குப்புராஜ் பேரில் சொன்னது அத்தனையும் பொய் என்று நடுவில் நின்று சொன்னேன். யார் செய்தது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு ஆள் என்றேன். பெயர் சொல்லவில்லை. புரிந்துகொள்கிறவர்கள் புரிந்துகொண்டார்கள்.

மாசி பத்தாம் தேதி குப்புராஜுக்கும் தங்கத்துக்கும் கல்யாணம். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

பச்சியப்பன்


பெங்களூர்
30-1-1944

மாப்பிள்ளை அவர்களுக்கு மாதையன் எழுதுவது.

நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்கவேண்டும். கேட்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கேட்டால் சொல்லிவிடுவார் என்று நினைத்தான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எவ்வளவு திட்டி எழுதியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேற்று பழைய கிளப்புக்குப் போனேன். அங்கேயாவது அவன் பெயரைச் சரி பண்ணலாம் என்று. செக்ரட்டரி வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குமாஸ்தாவை வைத்துச் சொன்னேன், ஐயா, அன்றைக்குத் தலைப்பாகை மாறிவிட்டது, எறிந்தவன் நான் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எந்தத் தலைப்பாகை என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. என்னையும் நினைவில்லை, அவனையும் நினைவில்லை. வேலை கேட்டு வந்தவன் என்று எண்ணி, இப்போது ஆள் தேவையில்லை என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் பெயர் இங்கே கெடவே இல்லை, மாப்பிள்ளை. நம் ஊரில்தான் கெட்டது. கெடுத்தது துரை இல்லை, என் கடிதம்.

சார்ஜண்டிடம் பதினைந்து நாள் லீவு கேட்டேன். கல்யாணமா என்றார். ஆமாம் என்றேன். மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதைப் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே எதையும் எடுத்துக்கொண்டு வந்து நல்ல பெயர் வாங்க நினைக்கவில்லை.

பட்டம் கட்ட வேறு ஆளை உட்காரவையுங்கள். நான் கேட்கமாட்டேன், கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். பந்தியில் சாப்பிட்ட இலை எடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு வருகிறேன். கொல்லைப்புறமாகவே வந்து கொல்லைப்புறமாகவே போய்விடுவேன். அதற்கும் வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடுங்கள்.

மாதையன்


கம்பைநல்லூர்
8-2-1944

மச்சானுக்குப் பச்சியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம்.

இலை எடுக்க ஆள் சொல்லியாகிவிட்டது. நீங்கள் முன்வாசல் வழியாக வாருங்கள். தங்கம் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு மேல் நான் பேசுவதற்கில்லை. ராமக்காள் சோறு போடுவாள், பேசமாட்டாள். அதை இரண்டு மூன்று வருஷத்துக்கு எதிர்பார்த்துக்கொண்டு வாருங்கள்.

மொரப்பூருக்குக் குப்புராஜ் வண்டி கொண்டு வருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். நடந்தே வாருங்கள், சந்தை வழியாக.

வந்ததும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம். முதலில் செல்லியக்கா வீட்டுக்குப் போங்கள். உங்களைக் கேட்பதற்கென்று ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவேண்டாம். அவள் முடிக்கிற வரைக்கும் நின்று கேளுங்கள்.

சிரித்து மட்டும் வைக்காதீர்கள்.

பச்சியப்பன்